கொக்கியில் கட்டிய பாவு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
18-1-1970

அன்புத் தங்கை குழலிக்கு,

பொங்கலுக்கு வாழ்த்து அட்டை மட்டும் போட்டுவிட்டு முக்கியமான விஷயத்தை எழுதாமல் விட்டேன். காரணம் பயம்தான். சங்ககிரியில் உன் கணவர் விட்டுப்போன லாரிப் பட்டறையை ஒன்பது வருடமாக நீ ஒருத்தியாக நடத்தி வருகிறாய். உன்னிடம் போய் வண்டியைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. இனியும் மறைப்பதற்கில்லை. நான் ஒரு பிக்கப் வண்டி வாங்கிவிட்டேன்.

ராணுவத்தில் ஓடி, ஏலத்துக்கு வந்து, ஆரணியில் ஒருவரிடம் கைமாறிய பெட்ரோல் வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. தாமல் பள்ளிக்கூடத்துக்கு இருபத்தேழு வருடம் சைக்கிள் மிதித்தவன் நான். வழியெல்லாம் காய்கறிக் கூடைகள் தலைச்சுமையாக டவுனுக்கு வருவதைப் பார்ப்பேன். ஓய்வு பெற்றதும் அவற்றை ஏற்றி வர ஒரு வண்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். உன் அண்ணி லோகாம்பாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வண்டிக்குக் குங்குமம் வைத்தாள்.

ஆரணியிலிருந்து வாசல்வரை வந்த வண்டி, அதற்கு மேல் நகர மறுக்கிறது. இஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. ஈரக் கையால் மத்துக் கயிற்றை இழுத்தால் கைதான் வழுக்கிக்கொண்டு வரும், மத்து சுற்றாது. அதே கதை. பட்டறை வைத்திருக்கும் குமாரவேல், கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்கிறார். வேறு பிளேட் கிடைக்கவில்லை. எட்டு வாரமாக நிற்கிறது.

சும்மா நிற்கிறதே என்று சில வேலைகள் செய்தேன். தொட்டியின் இரண்டு பக்கமும் ஒரு முழம் உயரத்துக்குப் பலகை. பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதல். பிறகு பின்புறம் இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கொக்கி.

கொக்கி எனக்காக இல்லை. நம் தெருவில் இப்போதும் காலையில் பாவு நீட்டுகிறார்கள். அறுபது அடி நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்து, பிறகு தறிக்குச் சுருட்டிக்கொண்டு போவார்கள். நம் வீட்டுப் பக்கத்துக் கம்பம் மழையில் சாய்ந்துவிட்டது. எதிர்வீட்டு வீரபாகு ஒருநாள் பாவின் நுனிக் கயிற்றைக் கொண்டுவந்து வண்டி பம்பரில் கட்டினார்.

"வாத்தியாரே, உங்க வண்டி நல்லா நிக்குது. போற உத்தேசம் இல்லியே?" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பம்பர் தாழ்வாக இருக்கிறதே என்று குமாரவேலிடம் சொல்லி மறுநாளே கொக்கியைப் பற்றவைத்துக் கொடுத்தேன். வாரத்தில் நான்கு நாள் யாராவது ஒருவர் வீட்டுப் பாவு இப்போது அதில்தான் தொங்குகிறது.

கிளட்சுக்கு என்ன செய்யலாம் என்று எழுது. திட்டையும் சேர்த்தே அனுப்பிவிடு.

உன் அண்ணன்,
ஆதிகேசவன்


சங்ககிரி
23-1-1970

அண்ணா,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன். 'பிக்கப்' என்ற சொல் வந்ததும் பக்கத்தில் இருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். வண்டியா? நீங்களா? சைக்கிள் டியூபில் முள் குத்தினால் ஒட்டத் தெரியாமல் தாமலிலிருந்து வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தவர் நீங்கள்.

எங்கள் மேஸ்திரி ராஜவேலுவிடம் படித்துக் காட்டினேன். "ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை கூட்டுனாரா? எதுக்குங்க, கோயில் யானைய ஏத்தவா?" என்று கேட்டுவிட்டு வேலையை விட்டுச் சிரிக்கிறார். கத்தரிக்காய் ஏற்ற ஒரு பட்டை போதும். ஒன்றைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் தாமல் ரோட்டில் காய் எல்லாம் பந்தாகக் குதிக்கும்.

பிளேட்டை நானே லாரியில் கொடுத்தனுப்புகிறேன். அதை மாட்டுமுன் இஞ்சின் பின்பக்கத்து ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் புதுப் பிளேட்டும் வழுக்கும். கை பிரேக் பிடிக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதாததால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

எட்டு வாரம் நின்ற வண்டியில் பாட்டரி இருக்காது. முன்னால் இரும்பு ஹேண்டில் போட்டுத்தான் இஞ்சினைச் சுற்றுவீர்கள். அதற்குமுன் உள்ளே ஏறி, கியர் குச்சியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் தளர்வாக ஆடினால்தான் நியூட்ரல். கியரில் கிடக்கிற வண்டிக்கு ஹேண்டில் போட்டால் இஞ்சின் பிடித்த நொடியில் அது உங்கள் மேலேயே ஏறும். இதை இரண்டு தடவை படியுங்கள்.

கொக்கியைப் பற்றிப் படித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணா, அந்த வண்டி ஒருநாள் ஓடத்தானே போகிறது? அந்த நாள் எது என்று தெருவுக்கு யார் சொல்வார்கள்?

குழலி


காஞ்சிபுரம்
9-2-1970

குழலி,

பிளேட் வந்தது. சீல் நீ சொன்னபடியே கசிந்துகொண்டிருந்தது, மாற்றியாயிற்று. கிளட்ச் இப்போது பிடிக்கிறது. ஒரு பட்டையையும் கழற்றிவிட்டேன். ராஜவேலுவிடம் யானை வரவில்லை என்று சொல்.

கார்புரேட்டரில் கசடு அடைத்திருக்கிறது. குமாரவேல் நாளை சுத்தம் செய்து மாட்டிவிடுவார். பாட்டரி போய்விட்டது, ஹேண்டில்தான்.

கை பிரேக்கின் கம்பி அறுந்திருப்பது உண்மை. அதனால் பாவு இழுக்கும்போது வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் முட்டு கொடுத்து வந்தேன். கிளட்ச் சரியான பிறகு அதைவிட நல்ல வழி கிடைத்தது. முதல் கியரில் போட்டுவிட்டால் நான்கு பேர் இழுத்தாலும் அசையவில்லை. கதவைச் சாத்திக் கல்லை அண்டக் கொடுப்பதற்கும், உள்ளே தாழ்ப்பாள் போடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! நீ பயப்படாதே. பாவு கட்டுகிற நாளில் மட்டும்தான் கியர். பாவை அவிழ்த்ததும் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பழையபடி கல்லை வைத்துவிடுகிறேன். உன் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறேனா?

இந்த வாரத்துக்குள் இஞ்சின் சத்தத்தை மறுபடி கேட்டுவிடுவேன். ஐம்பத்தேழு வயதில் இப்படி ஓர் ஆசை வந்து தூக்கத்தைக் கெடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆதிகேசவன்


காஞ்சிபுரம்
14-2-1970

குழலி,

 

வியாழக்கிழமை காலை ஹேண்டில் போட்டேன். கனமாக இருந்தது. புதுப் பிளேட், அதனால் இறுக்கம் என்று நினைத்தேன். மூன்றாவது இழுப்பில் இஞ்சின் பிடித்தது. பிடித்ததும் வண்டி என்மேல் பாய்ந்தது. பக்கத்தில் விழுந்து தப்பினேன். பதினைந்து அடி ஓடி, சாக்கடைக் கல்லில் இடித்து நின்றது.

பின்னால் கொக்கியில் வீரபாகுவின் பாவு இருந்தது.

அவர் மனைவி பொன்னியம்மாள் இழைகளுக்கு நடுவே கையை விட்டு, அறுந்ததை முடிந்துகொண்டிருந்தாள். பட்டு சதையை அறுக்கும் என்பது எனக்குத் தெரியாது. வலது கையில் இரண்டு விரல். அவள் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் பாவு தெருவில் நனைந்து சிவந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டிருக்கிறார்கள். நடுவிரல் மடங்குமா என்பது கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியுமாம்.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் வாசலில் தெருக் கூட்டம் கூடியது. ஓடப்போகிற வண்டியில் கேட்காமல் பாவு கட்டியது வீரபாகுவின் தப்பு என்று பேசினார்கள். அடுத்த தை வரை அவர் தெருவில் பாவு நீட்டக் கூடாது என்று முடிவானது. தெருவில் இடமில்லை என்றால் பாவு தயாராகாது, பாவு இல்லாமல் தறி ஓடாது. வீரபாகு தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார்.

என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

ஆதிகேசவன்


சங்ககிரி
18-2-1970

அண்ணா,

கடிதம் வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. ராஜவேலு என்னைப் பார்த்து "என்னங்க, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாவின் கைதான் கண்முன் நிற்கிறது. பட்டுப் பாவுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கே அது இப்படி அறுக்கும் என்று தோன்றியதில்லை.

ஆனால் நான் பட்டறைக்காரி. ஒரு வண்டி மோதி வந்தால் முதலில் அதைச் சுற்றி வந்து பார்ப்பது எனக்குப் பழக்கம். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் சுற்றி வந்தேன். ஓரிடத்தில் கால் இடறியது.

வண்டி பாய்ந்தது என்றால் அது கியரில் இருந்திருக்கிறது. ஹேண்டில் கனத்ததும் அதனால்தான், பிளேட்டால் அல்ல. பாவு கட்டுகிற நாளில் மட்டும்தான் கியரில் போடுவேன் என்று ஒன்பதாம் தேதி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் என் எதிரில் இருக்கிறது.

அப்படியானால் அன்று காலை வண்டியைக் கியரில் போட்டது யார்? உங்களைத் தவிர அந்தக் கதவைத் திறப்பவர் யார்? கியரில் போட்டவருக்குப் பாவு கட்டியிருப்பது தெரியாதா?

வீரபாகு கேட்காமல் கட்டினார் என்று தெரு சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. என் கணக்குத் தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள், அண்ணா. தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.

குழலி


காஞ்சிபுரம்
23-2-1970

குழலி,

உன் கணக்கு சரி.

அன்று விடிந்ததும் வீரபாகு என் வீட்டுக் கதவைத் தட்டினார். "வாத்தியாரே, இன்னிக்கு நம்ம பாவு" என்றார். நான்தான் போய்க் கியரில் போட்டுவிட்டு வந்தேன். கல்லை நான்தான் எடுத்தேன். கயிற்றைக் கொக்கியில் மாட்டும்போது அவருக்குக் கைகொடுத்ததும் நான்தான்.

ஏழு மணிக்குக் காபி குடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். இஞ்சின் தயாராக இருக்கிறது. குமாரவேல் பத்து மணிக்குத்தான் வருவார். அதுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. பரீட்சை முடிவைப் பார்க்கப் பலகை அருகில் மாணவர்கள் முண்டுவார்களே, நாற்பது பேரையும் வரிசையில் நில்லுங்கள் என்று அதட்டியவன் நான். அன்று என்னை அதட்ட யாரும் இல்லை. ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். விடியலில் கியரில் போட்டது நினைவுக்கே வரவில்லை.

பொன்னியம்மாள் பார்த்துவிட்டாள். "வாத்தியாரே, வண்டி எடுக்கிறீங்களா? பாவை அவுக்கட்டா?" என்றாள்.

"வேணாம்மா. சத்தம் மட்டும்தான் கேக்கப் போறேன். நகராது" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் இழைகளுக்குள் கையை விட்டாள். வீரபாகு அப்போது அந்தக் கோடியில் கஞ்சிச் சட்டியோடு இருந்தார். அவர் காதில் இது விழவில்லை.

கூட்டத்தில் இதைச் சொல்லத்தான் போனேன். தெருப் பெரியவர் சீனிவாசன் எடுத்த எடுப்பிலேயே, "வாத்தியார் வீட்டு வண்டியில கேக்காம கொள்ளாம கட்டினா எப்புடிப்பா?" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். வீரபாகு என்னைப் பார்த்தார். நான் கட்டச் சொன்னேன், கூடவே நின்றேன் என்று சொல்வேன் என்று பார்த்தார்.  பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தப் 'பிறகு' வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

பொன்னியம்மாளும் அங்கே இருந்தாள், கையில் கட்டோடு. அவளும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை. லோகாம்பாள் அன்று வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். எனக்குச் சோறு போடுகிறாள். குழம்பு போதுமா என்று மட்டும் கேட்பதில்லை.

ஆதிகேசவன்


சங்ககிரி
26-2-1970

அண்ணா,

அம்மா இறந்த செய்தி வந்தபோதுகூட நான் இப்படி விறைத்து உட்காரவில்லை.

கியரை மறந்தது ஞாபகப் பிசகு. எங்கள் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்களே மறந்திருக்கிறார்கள். அதற்காக நான் உங்களைத் திட்டப் போவதில்லை. ஆனால் அவர் உங்களைப் பார்த்தபோது நீங்கள் வாயைத் திறக்காதது எதில் சேரும்? நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்களாமே. அதைப் படிக்கையில் எனக்கு வெட்கமாக இருந்தது.

வீரபாகுவுக்குப் பாவு நீட்டும் இடம் போனால் ஒரு வருடம் தறி நிற்கும் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, ஓர் ஆளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல ஏன் வரவில்லை? அவர் வேறு ஊருக்கு, வேறு வேலைக்குப் போய்விட்ட பிறகு சொன்னால் யாருக்கு என்ன லாபம்?

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் போய்ச் சொல்லுங்கள். அவர் வீட்டுக்குள் போய்க் காதோடு சொல்ல வேண்டாம். எந்தக் கூட்டத்தில் பேசாமல் இருந்தீர்களோ அதே கூட்டத்தில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை நான் எழுத மாட்டேன்.

குழலி


காஞ்சிபுரம்
5-3-1970

குழலி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீனிவாசனிடம் சொல்லித் தெருவைக் கூட்டச் செய்தேன். நாற்காலி போட்டார்கள். நான் நின்றுகொண்டேன்.

"தப்பு வீரபாகு மேல் இல்லை, என் மேல்தான். அவர் என்னைக் கேட்டுத்தான் கட்டினார்" என்றேன். சொல்லிவிட்டேன், இனி வசவு விழும் என்று காத்திருந்தேன். என்ன நடந்தது தெரியுமா?

சீனிவாசன் எழுந்து கையைக் கூப்பினார். "பாத்தீங்களாய்யா வாத்தியார் மனசை! ஒருத்தன் பொழப்பு போவுதேன்னு பழியைத் தன் தலையில ஏத்துக்கினு வந்து நிக்கிறாரு!" என்றார். பெண்கள் பக்கத்தில் யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஓடிப்போய் எனக்குச் சோடா வாங்கி வந்தார்.

"ஐயா, நான் நிஜமாகச் சொல்கிறேன். பாவை அவிழ்க்கட்டுமா என்று பொன்னியம்மாள் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்" என்றேன்.

"போதும் வாத்தியாரே. உங்க பெருந்தன்மை எங்களுக்குத் தெரியாததா? உக்காருங்க, வேர்க்குது பாருங்க."

குழலி, முதல் கூட்டத்தில் வாயைத் திறந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பில் ஒரு சுகம்கூட இருந்தது. அது எனக்கே அருவருப்பாக இருந்தது. கடைசி வரிசையில் பொன்னியம்மாள் நின்றிருந்தாள். "நீ சொல்லும்மா, நான் சொன்னது உண்டா இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் இரண்டடி முன்னால் வந்து, "கேட்டேன். அவுக்கட்டான்னு கேட்டேன். வேணாம்மா, நகராதுன்னாரு" என்றாள்.

 சோடா வாங்கி வந்தவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வீரபாகுதான் முதலில் பேசினார். என்னிடம் இல்லை, மனைவியிடம்.

"ஏண்டி, இதை அன்னிக்கே ஏன் சொல்லல? பதினேழு நாளா ஊரே என்னை நாக்குல போட்டு மென்னுக்கினு இருக்குது. உன் வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"இப்ப அவரே வந்து சொன்னாரு. அவரு சொல்லியே இவங்க நம்பல. நான் சொல்லியிருந்தா?"

  சீனிவாசன் தொண்டையைக் கனைத்துவிட்டு, வீரபாகு எப்போதும்போலப் பாவு நீட்டலாம் என்றார். வண்டி இனி இந்தத் தெருவில் நிற்கக் கூடாது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, குழலி. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நாற்காலியை நானே எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வண்டியைக் குமாரவேல் பட்டறைக்குக் கொண்டுபோனோம். தள்ளுவதற்கு ஆள் கூப்பிட்டேன். போன மாதம் இதே வண்டியை ஓரம் நகர்த்தப் பதினொரு பேர் வந்தார்கள். அன்று நானும் குமாரவேலும் உன் அண்ணியும் தள்ளினோம். கொக்கியை அறுத்து எடுத்தாயிற்று. கை பிரேக் கம்பி மாட்டும்வரை ஹேண்டிலைத் தொட மாட்டேன்.

பொன்னியம்மாளுக்குக் கட்டுப் பிரித்தார்கள். மோதிர விரல் மடங்குகிறது. நடுவிரல் மடங்கவில்லை. முடிச்சுப் போட அந்த விரல் வேண்டும்.

இன்று காலை வீரபாகு பாவு நீட்டுகிறார். புதிதாக இரண்டு முளைகள் அடித்திருக்கிறார். அறுந்த இழைகளை முடிய ஆள் போதவில்லை. லோகாம்பாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் பொன்னியம்மாள் இடத்தில் நின்றாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

"வாத்தியாரே, உள்ள போங்க" என்றார் வீரபாகு. கோபமாகச் சொல்லவில்லை. முளையைப் பார்த்தபடி சொன்னார்.

வந்துவிட்டேன். உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். "இழு, இன்னும் இழு, தளருது பாரு" என்று அவர் தெருவில் சத்தம் போடுவது இங்கே நன்றாகக் கேட்கிறது.

ஆதிகேசவன்